பென் டிரைவும் லினக்ஸ் அனுமதியும்: எங்கள் படிப்பகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், பழைய பிள்ளைக்காம்பராவை (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தை) திருத்தி அமைத்த படிப்பகம் எங்களுடையது. ஏழு பழைய கம்ப்யூட்டர், ஏழிலும் லினக்ஸ் மின்ட். பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு, டீச்சர்மாருக்கு ஒன்று, பராமரிப்புக்கு என்னிடம் ஒன்று. இணையம் ரீலோட் போட்டால்தான் வரும் என்பதால் பாஸ்ட் பேப்பர், நோட்ஸ், படம், பாட்டு எல்லாம் பென் டிரைவில்தான் வந்து போகிறது. எனவே என்னிடம் வரும் சந்தேகங்களில் பாதிக்கு மேல் "டிரைவ் திறக்கவில்லை", "எழுதவில்லை", "பாஸ்வேர்ட் கேட்கிறது" வகைதான். திரும்பத் திரும்பச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஒரு விஷயம் முதலில். கட்டளைப் பெயர்களையும் ஃபோல்டர் பெயர்களையும் ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் (கட்டளை தட்டும் திரையில்) தட்டும்போது அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டவேண்டும்.

கே: பென் டிரைவைச் செருகினால் தானாகவே திறக்கிறதே, அப்போது அனுமதி எங்கே வருகிறது?

இதைப் புரிந்துகொண்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

லினக்ஸில் ஒரு டிரைவை மவுண்ட் செய்வது, அதாவது அதிலுள்ள ஃபைல்களை ஒரு ஃபோல்டருக்குள் கொண்டுவந்து காட்டுவது, ரூட் (கம்ப்யூட்டரின் முழு அதிகாரமும் உள்ள கணக்கு) மட்டுமே செய்யக்கூடிய வேலை. சாதாரண யூசருக்கு அந்த அதிகாரம் இல்லை. பிறகு எப்படி நமக்குத் திறக்கிறது? தோட்டத்து ஸ்டோரை நினைத்துக்கொள்ளுங்கள். உரமூட்டை வேண்டுமென்றால் ஸ்டோர் சாவியை யாரும் உங்கள் கையில் தரமாட்டார்கள், கணக்கப்பிள்ளைதான் திறந்து எடுத்துக் கொடுப்பார், கொடுக்கலாமா கூடாதா என்பதற்கு ஆபீசிலிருந்து வந்த ஒரு பட்டியலைப் பார்ப்பார். இங்கே கணக்கப்பிள்ளையின் பெயர் யுடிஸ்க்ஸ். ரூட் அதிகாரத்தோடு பின்னணியில் ஓடும் சேவை அது. பட்டியலை வைத்திருப்பது போல்கிட். நீங்கள் ஃபைல் மேனேஜரில் டிரைவைக் கிளிக் செய்ததும் அது யுடிஸ்க்ஸிடம் கேட்கிறது, யுடிஸ்க்ஸ் போல்கிட்டிடம் கேட்கிறது, சரி என்றால் யுடிஸ்க்ஸே மவுண்ட் செய்துவிடுகிறது. சாவி கடைசிவரை உங்கள் கைக்கு வருவதில்லை.

ஸ்டோர் திறந்துவிட்டதால் மட்டும் மூட்டை உங்களுடையது ஆகிவிடாது, இல்லையா? அதேபோல இங்கே மூன்று தனித்தனி வாசல் இருக்கிறது. மவுண்ட் செய்யலாமா என்பது முதல் வாசல், அது போல்கிட்டின் வேலை. மவுண்ட் ஆன ஃபோல்டருக்குள் யார் நுழையலாம் என்பது இரண்டாவது. உள்ளே இருக்கும் ஃபைல் யாருடையது, எழுதலாமா என்பது மூன்றாவது, அது டிரைவின் ஃபைல் சிஸ்டத்தை, அதாவது டிரைவில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறையைப் பொறுத்தது. எந்த வாசலில் மாட்டிக்கொண்டோம் என்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் சூடோ (ரூட் அதிகாரத்தோடு ஓட்டும் கட்டளை) போட்டு உடைக்கிறவர்களால்தான் எனக்கு வேலை கூடுகிறது.

கே: எனக்குப் பேசாமல் திறக்கிறது, அதே கம்ப்யூட்டரில் இன்னொருவருக்கு அட்மின் பாஸ்வேர்ட் கேட்கிறது. ஏன் இந்த ஓரவஞ்சனை?

போல்கிட் பார்ப்பது ஆளை மட்டும் அல்ல, ஆள் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதையும்தான். ஒவ்வொரு செயலுக்கும் மூன்று நிலைக்குத் தனித்தனி விடை எழுதி வைத்திருக்கும். திரைக்கு முன்னால் இருந்து இப்போது வேலை செய்துகொண்டிருக்கும் லாகின் ஒன்று, அதற்கு 'ஆக்டிவ்' என்று பெயர். உள்ளூரில் லாகின் ஆகி, ஆனால் "யூசர் மாற்று" கொடுத்ததால் பின்னால் போய்விட்ட லாகின் 'இன்ஆக்டிவ்'. மற்ற எல்லாம், தூரத்திலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக வருவது உட்பட, 'எனி'. பென் டிரைவை மவுண்ட் செய்வதற்கு வழக்கமான விடை: ஆக்டிவ் என்றால் கேள்வியே இல்லாமல் சரி, மற்ற இரண்டுக்கும் அட்மின் பாஸ்வேர்ட். அதனால்தான் பக்கத்து அறையிலிருந்து எஸ்எஸ்ஹெச் போட்டு வருகிறவருக்கு, டீச்சராகவே இருந்தாலும், தடை விழுகிறது. "லாகின்சிடிஎல்" என்று தட்டிப் பார்த்தால் யார் யார் லாகின் ஆகியிருக்கிறார்கள் என்று தெரியும், புதிய பதிப்பில் நிலையையும் காட்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. உள்ளே பொருத்தியிருக்கும் ஹார்ட் டிஸ்க்கின் வேறொரு பார்டிஷனை (பழைய விண்டோஸ் இருந்த இடம் மாதிரி) திறக்கப் பார்த்தால், அது கழற்றக்கூடிய டிரைவ் அல்ல, சிஸ்டம் டிரைவ். அதற்கு 'ஃபைல்சிஸ்டம்-மவுண்ட்-சிஸ்டம்' என்று வேறு செயல் இருக்கிறது, அட்மின் அல்லாதவர் ஆக்டிவ் ஆக இருந்தாலும் அட்மின் பாஸ்வேர்ட் கேட்கும். கேட்பது சரிதான், அதைத் தளர்த்தவேண்டாம்.

கே: டீச்சர் கணக்குக்கு மட்டும் எஸ்எஸ்ஹெச் வழியாகவும் பாஸ்வேர்ட் இல்லாமல் மவுண்ட் செய்ய வழி உண்டா?

உண்டு. ஆளுக்கு அனுமதி கொடுக்காமல் குழுவுக்குக் கொடுங்கள், நாளை வேறு டீச்சர் வந்தால் ரூலைத் தொடவேண்டியிருக்காது. "ஆசிரியர்" என்ற பொருளில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் ஒரு குழு உருவாக்கி அதில் அவரைச் சேர்த்துவிட்டு, ஒருமுறை லாக் அவுட் செய்து வரச் சொல்லுங்கள். இந்த லாக் அவுட்டை மறந்துவிட்டு "வேலை செய்யவில்லை" என்று வந்து நிற்பவர்கள் ஏராளம், குழு மாற்றம் புதிய லாகினில்தான் தெரியும். "ஐடி" என்ற கட்டளை இப்போது எந்தெந்தக் குழுவில் இருக்கிறீர்கள் என்று காட்டும்.

அப்புறம் /எட்ஸி/போல்கிட்-1/ரூல்ஸ்.டி/ என்ற ஃபோல்டரில் (எட்ஸி என்பதை இ-டி-சி என்று தட்டுங்கள்), பெயர் ஓர் எண்ணில் தொடங்கி ரூல்ஸ் என்ற நீட்சியில் முடியும் ஒரு ஃபைல். உள்ளே எழுதுவது ஜாவாஸ்கிரிப்ட். ஒரே ஒரு ஃபங்ஷன் போதும்: கேட்கப்படும் செயலின் பெயர் "ஓஆர்ஜி.ஃப்ரீடெஸ்க்டாப்.யுடிஸ்க்ஸ்2.ஃபைல்சிஸ்டம்-மவுண்ட்" ஆகவோ, எஸ்எஸ்ஹெச் ஆளுக்கு அதன் பின்னால் "-அதர்-சீட்" சேர்ந்த பெயராகவோ இருந்து, கேட்கும் ஆள் அந்தக் குழுவிலும் இருந்தால் 'யெஸ்' என்று திருப்பு. மற்ற நேரத்தில் எதையும் திருப்பாதே. எதையும் திருப்பாவிட்டால் அடுத்த ரூல் பார்க்கப்படும், கடைசியில் வழக்கமான விடைக்குப் போய்விடும். ஃபைல்கள் பெயர் வரிசையில்தான் வாசிக்கப்படுகின்றன, முதலில் விடை சொல்லும் ரூலே வெல்லும், அதனால் உங்களுடையது முந்தவேண்டுமென்றால் சிறிய எண்ணைக் கொடுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. மின்ட் 21 உபுண்டு 22.04-இன் மேல் கட்டப்பட்டது, அதில் இருப்பது போல்கிட்டின் பழைய 0.105 பதிப்பு, அதற்கு ஜாவாஸ்கிரிப்ட் ரூல் புரியாது. பிகேஎல்ஏ என்ற வேறு வடிவ ஃபைல் வேண்டும். மின்ட் 22-இல், அதாவது உபுண்டு 24.04 அடிப்படையில், புதிய முறை. டெபியனில் 12-ஆம் பதிப்போடு, 2023-இல், இந்த மாற்றம் வந்தது. வலையில் கிடைக்கும் பதில்களில் பாதி பழைய முறையில் எழுதியவை. "எல்லாம் செய்தேன், ஒன்றும் நடக்கவில்லை" என்றால் முதலில் பதிப்பைப் பாருங்கள்.

கே: யூசரை 'டிஸ்க்' குழுவில் சேர்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஓர் அண்ணன் சொன்னார். சேர்க்கலாமா?

வேண்டாம். வேண்டவே வேண்டாம்.

டிஸ்க் குழுவில் இருப்பவர் எல்லா டிரைவையும், நம் சிஸ்டம் இருக்கும் ஹார்ட் டிஸ்க் உட்பட, பைட் பைட்டாக நேரடியாக வாசிக்கலாம், எழுதலாம். ஃபைல் அனுமதி எதுவும் குறுக்கே வராது, ஏனென்றால் அவர் ஃபைல் சிஸ்டத்துக்குக் கீழே போய்விட்டார். பாஸ்வேர்டுகளின் ஹாஷ் (மறைத்து எழுதிய வடிவம்) இருக்கும் ஃபைலை வாசிக்கலாம், ரூட்டின் பாஸ்வேர்டை மாற்றி எழுதலாம். சுருக்கமாக, டிஸ்க் குழு என்பது பெயர் மாற்றி வைத்த ரூட். தரம் 9 பிள்ளை பாட்டுக் கேட்பதற்காக ஸ்டோர் கூரையைக் கழற்றிக் கொடுத்த கதை. இதில் வேடிக்கை என்னவென்றால், இதைச் செய்தாலும் மவுண்ட் பிரச்சினை தீராது, ஏனென்றால் டிஸ்க் குழு மவுண்ட் அதிகாரம் தருவதில்லை.

'பிளக்டெவ்' என்று ஒன்று டெபியன் வகைகளில் இருக்கிறது. பீமவுண்ட் என்ற பழைய கருவி அதைப் பார்க்கும். இன்றைய டெஸ்க்டாப்பில் பென் டிரைவ் திறக்க அது தேவையில்லை, இருந்தாலும் கெடுதி இல்லை.

கே: சூடோயர்ஸில் (யார் சூடோ போடலாம் என்ற பட்டியலில்) மவுண்ட் கட்டளையை மட்டும் பாஸ்வேர்ட் இல்லாமல் அனுமதித்தால்?

அதுவும் டிஸ்க் குழுவின் தம்பிதான். மவுண்ட் கட்டளையை ரூட்டாக இஷ்டத்துக்கு ஓட்ட முடிந்தவர், வீட்டில் தயாரித்த ஒரு டிரைவை எந்தத் தடையும் இல்லாமல் ஏற்றி அதிலிருந்து ரூட்டாக ஓடும் புரோகிராமை இயக்கலாம், அல்லது /எட்ஸி ஃபோல்டருக்கு மேலேயே தன் ஃபோல்டரைக் கொண்டுவந்து மூடலாம். யுடிஸ்க்ஸ் எப்போதும் 'நோ-எஸ்யுஐடி' (டிரைவிலுள்ள புரோகிராம் ரூட் அதிகாரத்தோடு ஓடாது), 'நோ-டெவ்' (டிரைவிலுள்ள சாதன ஃபைல் செல்லாது) என்ற இரண்டு கட்டுப்பாட்டோடு மவுண்ட் செய்வதே இதைத் தடுக்கத்தான்.

டெர்மினல்தான் பிடிக்கும் என்றால் "யுடிஸ்க்ஸ்சிடிஎல் மவுண்ட் -பி" (அந்தப் பி, பிளாக் என்பதன் முதல் எழுத்து) என்று போட்டு டிரைவின் பெயரைக் கொடுங்கள். சூடோ தேவையில்லை, எங்கே மவுண்ட் ஆனது என்றும் சொல்லும். டிரைவின் பெயர் தெரியாவிட்டால் "எல்எஸ்பிஎல்கே -எஃப்".

கே: சேர், டிரைவ் திறக்கிறது, வாசிக்க முடிகிறது, எழுதத்தான் முடியவில்லை. சிஹெச்மோட் 777 (எல்லோருக்கும் முழு அனுமதி தரும் கட்டளை) போட்டும் பார்த்தேன்.

இது மூன்றாவது வாசல். போல்கிட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

கடையில் வாங்கும் பென் டிரைவ் எல்லாம் அனேகமாக எஃப்ஏடி32 அல்லது எக்ஸ்ஃபேட் என்ற ஃபைல் சிஸ்டம். பெரிய வெளி ஹார்ட் டிஸ்க் என்றால் என்டிஎஃப்எஸ் ஆகவும் இருக்கலாம். எஃப்ஏடி32-யிலும் எக்ஸ்ஃபேட்டிலும் "இந்த ஃபைல் யாருடையது" என்று எழுதி வைக்க இடமே கிடையாது. லினக்ஸ் என்ன செய்கிறதென்றால், மவுண்ட் செய்யும் நேரத்தில் "எல்லாம் இன்னாருடையது" என்று ஒரு பொய்யைச் சொல்லிக்கொள்கிறது. அந்த இன்னார் யார் என்பது மவுண்ட் செய்யும்போது கொடுத்த யுஐடி (யூசரின் எண்), ஜிஐடி (குழுவின் எண்), யுமாஸ்க் (பிடுங்கவேண்டிய அனுமதி) ஆகியவற்றில் இருக்கிறது. யுடிஸ்க்ஸ் உங்கள் பெயரைக் கொடுக்கும், அதனால் எழுத முடியும். நீங்கள் சூடோ மவுண்ட் போட்டிருந்தால் எல்லாம் ரூட்டுடையது என்று ஆகிவிடும், சிஹெச்மோட் எத்தனை முறை போட்டாலும் அந்தப் பொய் மாறாது. கழற்றிவிட்டு யுடிஸ்க்ஸ் வழியாக மறுபடி மவுண்ட் செய்யுங்கள், சரியாகிவிடும்.

அதிலும் சரியாகவில்லையென்றால் டிரைவே 'வாசிக்க மட்டும்' நிலைக்குப் போயிருக்கிறது. எங்கள் பக்கம் இதற்கு முதல் காரணம், டவுனில் கொம்யூனிகேஷன் கடையில் பிரிண்ட் எடுத்த கையோடு டிரைவை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடிவருவது. எஃப்ஏடியில் பாதி எழுதிய நிலை பதிவாகி, இங்கே ஒரு பிழை தட்டுப்பட்டதும் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) பாதுகாப்புக்காக எழுதுவதை நிறுத்திவிடும். டிரைவைச் செருகியபடியே வைத்து, அன்மவுண்ட் மட்டும் செய்துவிட்டு "எஃப்எஸ்சிகே.விஃபேட் -ஏ" ஓட்டினால் அனேகமாகத் தீரும். ஓட்டுவதற்கு முன் முக்கியமான ஃபைலைக் கொப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

என்டிஎஃப்எஸ் என்றால் சந்தேகம் விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' மேல் போகவேண்டும். விண்டோஸில் ஷட்டவுன் கொடுத்தாலும் அது முழுதாக அணைவதில்லை, பாதி தூக்கத்தில் போகிறது, டிரைவை இன்னும் தன்னுடையது என்று குறித்து வைத்திருக்கும். லினக்ஸ் அதைப் பார்த்ததும் எழுத மறுக்கும், சில நேரம் திறக்கவே மறுக்கும், 2021-இல் கெர்னல் 5.15-ஓடு வந்த என்டிஎஃப்எஸ்3 டிரைவர் இதில் இன்னும் கறார். தீர்வு விண்டோஸ் பக்கம்: ஷட்டவுனுக்குப் பதில் ரீஸ்டார்ட் கொடுத்தால் முழுதாக அணைந்து வரும், இல்லையென்றால் முறையாக 'எஜெக்ட்' செய்துவிட்டுக் கழற்றுங்கள். 'என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் -டி' அந்தக் குறியை அழித்துவிடும்தான், ஆனால் உள்ளே உண்மையிலேயே கோளாறு இருந்தால் அதைச் சரிசெய்யாது.

கேமரா மெமரி கார்டு என்றால் பக்கவாட்டில் இருக்கும் குட்டிப் பூட்டுப் பித்தானையும் பாருங்கள். ஒரு சனிக்கிழமை முழுவதும் நான் அதைப் பார்க்காமல் போல்கிட்டைக் குடைந்துகொண்டிருந்தேன்.

கே: வீட்டு லினக்ஸில் எழுத முடிகிற டிரைவ் படிப்பகத்தில் எழுத மறுக்கிறது. இரண்டும் மின்ட்தான், பெயரும் ஒரே பெயர்தான்.

அந்த டிரைவ் லினக்ஸுக்கே உரிய இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டமாக இருக்கும். இஎக்ஸ்டி4 பொய் சொல்லாது, ஃபைல் யாருடையது என்று உண்மையாகவே எழுதி வைக்கும். ஆனால் பெயரை அல்ல, எண்ணை. முதலில் உருவாக்கிய யூசருக்கு 1000, அடுத்தவருக்கு 1001 என்று எண் போகும். வீட்டில் நீங்கள் 1000. படிப்பகத்தில் 1000 நான், நீங்கள் 1003. உங்கள் ஃபைல் எல்லாம் இங்கே என்னுடையதாகத் தெரியும். இதில் என் தவறும் இல்லை, உங்கள் தவறும் இல்லை.

ஊர் ஊராகப் போகும் டிரைவுக்கு எக்ஸ்ஃபேட் போதும், எஃப்ஏடி32 மாதிரி ஒரு ஃபைல் 4 ஜிபிக்குள் அடங்கவேண்டும் என்ற தொல்லையும் இல்லை. 2020-இல் கெர்னல் 5.7-இல் ஒழுங்கான எக்ஸ்ஃபேட் டிரைவர் உள்ளேயே வந்துவிட்டது, தனியாக எதுவும் போடவேண்டாம். இஎக்ஸ்டி4-தான் வேண்டும் என்றால், டிரைவுக்குள் ஒரு ஃபோல்டரை அட்மினாக எல்லோரும் எழுதும்படி திறந்துவிடுங்கள். இங்கே சிஹெச்மோட் உண்மையிலேயே வேலை செய்யும், டிரைவோடேயே பயணமும் செய்யும்.

கே: டீச்சர் செருகிய டிரைவைப் பிள்ளைகளின் கணக்கிலிருந்து பார்க்க முடியவில்லையே?

இரண்டாவது வாசல். மின்ட், உபுண்டு, டெபியனில் டிரைவ் /மீடியா/ என்பதற்குக் கீழே செருகியவரின் பெயரில் உள்ள ஃபோல்டருக்குள் மவுண்ட் ஆகும், ஃபெடோராவிலும் ஆர்ச்சிலும் /ரன்/மீடியா/ என்பதற்குக் கீழே. பெயருள்ள அந்த ஃபோல்டருக்குள் அவர் மட்டும் நுழைய ஏசிஎல் (ஆள்வாரியான அனுமதிப் பட்டியல்) போட்டிருக்கும். வேண்டுமென்றே செய்தது இது, ஒருவரின் பென் டிரைவை இன்னொருவர் எட்டிப் பார்க்கக்கூடாது.

பொதுவான டிரைவ் ஒன்றை எல்லோருக்கும் காட்டவேண்டுமென்றால் யுடெவ் (சாதனம் செருகப்பட்டதும் என்ன செய்வதென்று பார்க்கும் சேவை) ரூல் ஒன்றில் அந்த டிரைவின் யுயுஐடியை (தனி அடையாள எண்ணை) குறித்து 'யுடிஸ்க்ஸ்_ஃபைல்சிஸ்டம்_ஷேர்ட்' என்பதற்கு 1 என்று மதிப்புக் கொடுங்கள், இதை மட்டும் தட்டும்போது பெரிய எழுத்தில். அப்புறம் அது பெயர் ஃபோல்டர் இல்லாமல் நேரே /மீடியா/ கீழே வரும். எல்லா டிரைவுக்கும் இதைப் போட்டுவிடாதீர்கள், டீச்சரின் பென் டிரைவில் தவணைப் பரீட்சைப் பேப்பர் இருக்கும்.

கே: பேக்கப் ஹார்ட் டிஸ்க் ஒன்று எப்போதும் ஒரே இடத்தில் மவுண்ட் ஆகவேண்டும். எஃப்எஸ்டேப்பில் (எதை எங்கே மவுண்ட் செய்வது என்று எழுதி வைக்கும் ஃபைலில்) எழுதலாமா?

எழுதலாம். பென் டிரைவுக்கு எஃப்எஸ்டேப் தொல்லை, ஆனால் குறிப்பிட்ட ஒரே டிஸ்க்குக்கு அதுதான் ஒழுங்கு. டிரைவை எஸ்டிபி1 என்ற பெயரில் குறிக்கவேண்டாம், செருகும் வரிசை மாறினால் அந்தப் பெயரும் மாறும். யுயுஐடியில் குறியுங்கள், "எல்எஸ்பிஎல்கே -எஃப்" அதைக் காட்டும்.

சாதாரண யூசர் மவுண்ட் செய்ய 'யூசர்' அல்லது 'யூசர்ஸ்' என்ற விருப்பம் வேண்டும். கடைசி எழுத்து ஒன்றுதான் வித்தியாசம், பொருள் வேறு. 'யூசர்' என்றால் மவுண்ட் செய்தவரே கழற்றவும் வேண்டும், 'யூசர்ஸ்' என்றால் யாரும் கழற்றலாம். மாறி மாறி ஆள் உட்காரும் இடத்துக்கு இரண்டாவதுதான் சரி. இரண்டுமே சத்தமில்லாமல் 'நோ-எக்ஸெக்'கையும் சேர்த்துக்கொள்ளும், அதனால் அந்த டிஸ்க்கிலிருந்து ஸ்கிரிப்டோ ஆப்இமேஜோ ஓடாது. ஓடவேண்டுமென்றால் 'யூசர்ஸ்' என்பதற்குப் பின்னால், முன்னால் அல்ல, 'எக்ஸெக்' என்று எழுதவேண்டும்.

டிஸ்க் எக்ஸ்ஃபேட் என்றால் குழுவின் ஜிஐடியையும் மாஸ்க்கையும் அதே வரியில் கொடுக்கவேண்டும். மாஸ்க் என்பது எதைக் கொடுக்கிறோம் என்பதல்ல, எதைப் பிடுங்குகிறோம் என்பது. வாசிக்க 4, எழுத 2, ஓட்ட அல்லது நுழைய 1. டிமாஸ்க் 0007 என்றால் ஃபோல்டரில் உரியவருக்கும் குழுவுக்கும் முழு அனுமதி, மற்றவருக்கு ஒன்றுமில்லை. எஃப்மாஸ்க் 0117 என்றால் ஃபைலில் அதேதான், ஓட்டும் அனுமதி மட்டும் யாருக்கும் இல்லை.

கடைசியாக 'நோஃபெயில்', டிஸ்க் இல்லாவிட்டாலும் நிற்காமல் மேலே போகச் சொல்லும் விருப்பம். இதை நான் ஒருமுறை மறந்தேன். பாடசாலை விடுமுறைக்குப் பேக்கப் டிஸ்க்கை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டேன், திங்கட்கிழமை காலை கம்ப்யூட்டரைப் போட்டால், இல்லாத டிஸ்க்குக்காக 90 விநாடி காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோட் என்று கறுப்புத் திரையில் போய் நின்றுவிட்டது. டீச்சர் போன் எடுத்து "கம்ப்யூட்டர் செத்துப் போச்சு" என்றார். மழையில் நடந்து போய் ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டு வந்தேன்.

கே: பிள்ளைகள் பென் டிரைவ் செருகவே கூடாது என்று வைக்கலாமா? இல்லையென்றால் வாசிக்க மட்டும்?

இரண்டும் முடியும். மவுண்ட்டை மட்டும் தடுக்க, மேலே சொன்ன அதே போல்கிட் ரூலில் மாணவர் குழுவுக்கு 'நோ' திருப்புங்கள், அல்லது 'ஆத்-அட்மின்' திருப்பினால் பொறுப்பாளர் பாஸ்வேர்ட் தட்டியதும் திறக்கும். எங்களிடம் இருப்பது இரண்டாவது முறை. ரூலுக்குள் டிரைவின் சீரியல் எண், லேபிள், எந்த வழியில் இணைந்தது (யுஎஸ்பியா) என்பதெல்லாம் விசாரிக்க முடியும், எனவே "படிப்பகத்து மூன்று டிரைவுக்கும் சரி, மற்றதற்குக் கேள்" என்றும் எழுதலாம். சீரியல் எண்ணைப் போலியாக்க முடியும் என்பது தெரிந்திருக்கட்டும், இது பூட்டல்ல, தாழ்ப்பாள்.

வாசிக்க மட்டும் என்றால், யுஎஸ்பி டிரைவ் வந்ததும் "பிளாக்டெவ் --செட்ஆர்ஓ" ஓடும்படி யுடெவ் ரூல் ஒன்று போதும். டிரைவையே கெர்னல் எழுதமுடியாததாகக் கருதும், யார் மவுண்ட் செய்தாலும் எழுத முடியாது. ஆனால் அந்தக் கம்ப்யூட்டரில் எல்லோருக்கும் அதே நிலைதான், டீச்சருக்கும்.

முழுதாக அடைக்க, மோட்ப்ரோப் (கெர்னலுக்குள் மாட்யூலை ஏற்றும் கருவி) அமைப்பில் 'யுஎஸ்பி-ஸ்டோரேஜ்', 'யுஏஎஸ்' என்ற இரண்டு மாட்யூலையும் (கெர்னலின் துணைப் பகுதிகளையும்) லோடு ஆகாமல் செய்யவேண்டும். முதலாவதை மட்டும் அடைத்துவிட்டு இரண்டாவதை மறப்பது வழக்கமான தவறு, புதிய வெளி டிஸ்க்குகள் யுஏஎஸ் வழியாகத்தான் வருகின்றன.

இத்தனை செய்த பிறகும் பிள்ளைகள் போனைக் கேபிளில் மாட்டிப் பாட்டைக் கொப்பி செய்துகொண்டிருப்பார்கள். ஏனென்றால் போன் எம்டிபி என்ற வேறு பாதையில் வருகிறது, அது மவுண்ட் செய்யும் டிரைவே அல்ல, யுடிஸ்க்ஸுக்கு அதைத் தெரியாது. எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்ததே தரம் 8 பிள்ளை ஒன்றுதான்.

கே: கழற்றப் போனால் 'பிஸி' என்கிறது.

யாரோ அந்த டிரைவிலிருந்து ஃபைலைத் திறந்து வைத்திருக்கிறார்கள், அல்லது ஒரு டெர்மினல் அந்த ஃபோல்டருக்குள் நிற்கிறது. "ஃபியூசர் -விஎம்" என்று தட்டி மவுண்ட் ஃபோல்டரைக் கொடுத்தால் ஆளைக் காட்டிக் கொடுக்கும். 'யுமவுண்ட் -எல்' போடச் சொல்வார்கள், போடாதீர்கள். அது டிரைவைக் கண்ணிலிருந்து மறைக்கும், எழுதி முடிந்ததா என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

வேறொருவர் மவுண்ட் செய்த டிரைவை நீங்கள் கழற்றப் போனாலும் தடை வரும், பாஸ்வேர்ட் கேட்கும். 'ஃபைல்சிஸ்டம்-அன்மவுண்ட்-அதர்ஸ்' என்ற தனிச் செயல் அது. டீச்சர் குழுவுக்கு இதை மட்டும் திறந்துவிடுவது நல்லது, பிள்ளை லாக் அவுட் செய்யாமல் வீட்டுக்குப் போயிருந்தால் உதவும்.

கே: கொப்பி முடிந்தது என்று காட்டியது, வீட்டில் போய்ப் பார்த்தால் ஃபைல் பாதிதான் இருக்கிறது.

திரையில் முடிந்தது, டிரைவில் முடியவில்லை. லினக்ஸ் முதலில் மெமரியில் எழுதிவைத்துவிட்டுப் பிறகு மெதுவாக டிரைவுக்கு அனுப்பும். மலிவு பென் டிரைவ் என்றால் பெரிய வீடியோவுக்குச் சில நிமிடம்கூட ஆகும். 'பாதுகாப்பாக அகற்று' கொடுத்துவிட்டு, எடுக்கலாம் என்று சொல்லும்வரை கையை வைக்கவேண்டாம். டெர்மினலில் என்றால் "யுடிஸ்க்ஸ்சிடிஎல் அன்மவுண்ட்", அப்புறம் "பவர்-ஆஃப்". 2022-இல் நாளுக்கு 13 மணிநேரம் வரை கரண்ட் போன காலத்தில் இந்தப் பாடத்தை நாங்கள் ஐந்தாறு டிரைவைக் கொடுத்துப் படித்தோம். மழைக்காலத்தில் மரம் விழுந்து லைன் அறும் நாட்களில் இப்போதும் படிக்கிறோம்.

கே: கடவுச்சொல் போட்டு மறையாக்கிப் பூட்டிய டிரைவ், அதாவது லக்ஸ், இதற்கும் இதே அனுமதிதானா?

திறப்பதற்கு ஓர் அனுமதி, மவுண்ட்டுக்கு ஓர் அனுமதி, இரண்டும் ஆக்டிவ் ஆளுக்குச் சும்மா கிடைக்கும். கடவுச்சொல் அதற்கு மேல். உள்ளே இஎக்ஸ்டி4 இருந்தால் அந்த 1000, 1003 எண் கதை அப்படியே திரும்பி வரும்.

கே: எல்லாம் ஒழுங்காக வைத்துவிட்டேன். அப்டேட் செய்யாவிட்டால் என்ன?

டேட்டா மிச்சம் பிடிக்கத்தான் கேட்கிறீர்கள் என்று தெரிகிறது. ஆனால் இந்த விஷயத்தில் மிச்சம் பிடிக்கவேண்டாம். 2025 ஜூனில் லிப்பிளாக்டெவ் என்ற, யுடிஸ்க்ஸ் நம்பியிருக்கும் நூலகத்தில் ஒரு ஓட்டை வெளியானது. எண் சிவிஇ-2025-6019. ஆக்டிவ் நிலையில் திரைக்கு முன்னால் இருக்கும் சாதாரண யூசர், தயாரித்து வைத்த ஓர் எக்ஸ்எஃப்எஸ் இமேஜை (எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் உள்ள டிஸ்க்கைப் போன்ற ஒரு ஃபைலை) யுடிஸ்க்ஸ் வழியாக அளவு மாற்றச் சொல்லி, ரூட் ஆகிவிடலாம். காரணம், அந்தக் கொஞ்ச நேர மவுண்ட்டில் மட்டும் 'நோ-எஸ்யுஐடி' போட மறந்திருந்தார்கள். அப்டேட்டில் சரியாகிவிட்டது. உடனே அப்டேட் செய்யமுடியாவிட்டால் 'மாடிஃபை-டிவைஸ்' என்ற செயலுக்கு அட்மின் பாஸ்வேர்ட் கேட்கும்படி போல்கிட்டில் மாற்றினாலும் அந்தப் பாதை அடைபடும். ஏழு கம்ப்யூட்டருக்கும் ஏழு தடவை இறக்காமல், ஒன்றில் இறக்கிய பேக்கேஜ்களைப் பென் டிரைவில் கொண்டுபோய் மற்ற ஆறிலும் போடலாம், எல்லாம் ஒரே பதிப்பாக இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

கே: ஃபைல் திறக்கிறது, ஆனால் உள்ளே ஆங்கில எழுத்துக் குப்பையாக இருக்கிறது. அனுமதிப் பிரச்சினையா?

இல்லை, பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. யூனிகோடில் தட்டாமல் பாமினி எழுத்துருவில் தட்டிய வினாத்தாள் அது. எழுத்துருவை நிறுவுங்கள், அல்லது மாற்றியில் போட்டு யூனிகோடாக்குங்கள்.

கே: இவ்வளவும் பார்த்தும் சரிவரவில்லை. உங்களிடம் கேட்கும்போது என்ன அனுப்பவேண்டும்?

"வேலை செய்யவில்லை" என்று குரல் பதிவு அனுப்பவேண்டாம். டிரைவைச் செருகிய நிலையில் "எல்எஸ்பிஎல்கே -எஃப்", "ஃபைண்ட்எம்என்டி", "ஐடி", "லாகின்சிடிஎல்" நான்கையும் ஒவ்வொன்றாகத் தட்டித் திரையைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். எழுத முடியவில்லை என்றால் "சூடோ டிமெஸ்ஜி" காட்டும் கடைசி இருபது வரியும் வேண்டும். போட்டோவில் எழுத்துத் தெரியவேண்டும், பின்னால் யார் நிற்கிறார்கள் என்பது எனக்குத் தேவையில்லை.